விவிபேட்: சோதனையா, தடமா?

விவிபேட் (VVPAT) என்பது ‘வோட்டர் வெரிஃபையபிள் பேப்பர் ஆடிட் டிரெயில்’ என்ற ஐந்து ஆங்கிலச் சொற்களின் சுருக்கம். நமக்கு அது ஒரே சொல்லாகப் பழகிவிட்டது. நாம் போட்ட ஓட்டு யாருக்குப் பதிவானது என்று தாளில் அச்சிட்டுக் காட்டும் பெட்டிக்கு அந்தப் பெயர்.

பொத்தானை அமுக்கியதும் பெட்டியின் சின்னக் கண்ணாடிக்குள் விளக்கு எரியும். வேட்பாளரின் வரிசை எண், பெயர், சின்னம் அச்சான சீட்டு ஏழு விநாடி தெரியும். பிறகு அறுபட்டு, கீழே பூட்டிய அறைக்குள் விழுந்துவிடும். 2013 செப்டம்பரில் நாகாலாந்தின் நோக்சென் இடைத்தேர்தலில் முதன்முதலாக இதை வைத்தார்கள். 2019 மக்களவைத் தேர்தலில் எல்லாச் சாவடிக்கும் வந்துவிட்டது.

செய்தித்தாள்கள் இதை ஒப்புகைச் சீட்டு என்கின்றன. காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒப்புகை என்றால் பெற்றுக்கொண்டதை ஒப்புக்கொள்வது. பதிவுத் தபால் இருந்த காலத்தில் ஒப்புகை அட்டை கையெழுத்தோடு நம் கைக்கே திரும்பி வரும். இந்தச் சீட்டோ கைக்கு வரவே வராது. 2019இல் சேர்வராயன் மலைக் கிராமம் ஒன்றில் எனக்கு முன்னால் ஓட்டுப் போட்ட பாட்டி நகராமல் நின்றார். “ஏங்கண்ணு, சீட்டு குடுக்கலையே?” என்றார். “அது உள்ளயே விழுந்துரும் பாட்டி, கையில தரமாட்டாங்க” என்றார் அலுவலர். பாட்டி பெட்டியைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. சீட்டு வெளியே வந்தால் அதைக் காட்டிக் காசு கேட்கலாம், காசு கொடுத்தவர் காட்டச் சொல்லி மிரட்டலாம். அதனால்தான் உள்ளேயே வைக்கிறார்கள். அதை அவருக்கு யாரும் சொல்லவில்லை.

இன்னொரு மொழிபெயர்ப்பு ‘காகிதத் தணிக்கைச் சோதனை’. இது பிழை. மூலத்தில் இருப்பது டிரெயில், டிரையல் அல்ல. டிரெயில் என்றால் போன வழியில் நிற்கும் குறி, அதாவது தடம். சேலம் பக்கம் இந்தச் சொல்லை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. காபித் தோட்டத்துக்குள் போகிற ஒற்றையடிப் பாதையும் தடம்தான், ஈர மண்ணில் பதிந்த காலடியும் தடம்தான். யார் போனார், எந்தப் பக்கம் போனார் என்று பின்னால் வருகிறவர் பார்த்துக்கொள்ளலாம். இந்தப் பெட்டியின் வேலையும் அதுவே.

அதனால் ஏற்பாட்டுக்கு ‘வாக்குத் தடம்’, தாளுக்குச் ‘சரிபார்ப்புச் சீட்டு’ என்பதே என் பரிந்துரை. வாக்கு வடசொல் என்று ‘ஒப்போலை’ எழுதுவோரும் உண்டு. ஆனால் ‘வாக்குக் கொடுத்துட்டேன்’ என்று நாம் சொல்லும்போது அதில் இருக்கிற கனத்தை விட எனக்கு மனமில்லை.

சரி, தடத்தைத் திரும்பிப் பார்க்கிறார்களா? ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு ஐந்து சாவடிகளைக் குலுக்கலில் எடுத்து, அவற்றின் சீட்டுகளை எண்ணி, இயந்திரக் கணக்கோடு ஒப்பிடுகிறார்கள். எல்லாவற்றையும் எண்ண வேண்டும் என்ற கோரிக்கையை 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. எனக்கு ஐந்து போதாது. மக்களுக்குச் சந்தேகம் தீர இன்னும் கூட்டலாம். இரண்டு கணக்கும் ஒத்துப்போகாவிட்டால், விதிப்படி தாள் சீட்டின் எண்ணிக்கையே நிற்கும்.

வாக்கியத்தில்: ‘நம்ம சாவடியோட வாக்குத் தடத்தை எண்ணினாங்களா?’