காண்டாவன வெயிலில் ஓவர்குளொக்கிங்

கணனியின் மூளையான புரொசசரின் வேகம் ஒரு பெருக்கல் கணக்கு. பெரும்பாலான கணனிகளில் அடிப்படை மீடிறன் (நொடிக்கு எத்தனை துடிப்பு என்பது) 100 மெகாஹேர்ட்ஸ். பெருக்கி 45 என்றால் வேகம் 4.5 கிகாஹேர்ட்ஸ். தயாரிப்பாளர் குறித்த அளவுக்கு மேல் இந்தக் கணக்கை உயர்த்துவதே ஓவர்குளொக்கிங்.

1998இல் வந்த இன்டெல் செலரோன் 300ஏ இதற்குப் பேர்போனது. 300 மெகாஹேர்ட்ஸ் என்று விற்கப்பட்டதைப் பலர் 450இல் ஓடவிட்டார்கள். இன்றைய புரொசசர்களோ, வேலை கூடும்போது வேகத்தைத் தானே உயர்த்தும் டர்போ வசதியால் தம் பலத்தின் பெரும்பகுதியைத் தாமாகவே எடுத்துக்கொள்கின்றன. நமக்கு மிஞ்சுவது சொற்பம். அதன் விலைதான் பெரிது.

புரொசசருக்குள் இருக்கும் நுண்ணிய ஆளிகளான திரான்சிஸ்டர்கள் இன்னும் விரைவாக மாறுவதற்கு வோல்ற்றளவையும் கூட்ட வேண்டியிருக்கும். வலு, மீடிறனுக்கும் வோல்ற்றளவின் வர்க்கத்துக்கும் ஏற்ப உயரும். இரண்டையும் 10 சதவீதம் கூட்டினால் வலு ஏறத்தாழ 33 சதவீதம் ஏறுகிறது. அத்தனையும் வெப்பம். காற்றால் குளிரூட்டும் எந்தக் கூலரும் புரொசசரை அறைக் காற்றைவிடக் குளிர்விக்க முடியாது. காண்டாவனத்தில் யாழ்ப்பாணத்து அறையொன்று 35 பாகையில் இருந்தால், 20 பாகை அறையில் சோதித்தவர் சொல்லும் வெப்பநிலையோடு 15ஐக் கூட்டிப் பாருங்கள். பல இன்டெல் புரொசசர்கள் 100 பாகையை அண்டியதும் தாமாகவே வேகத்தைக் குறைத்துவிடும். கூட்டிய வேகம் அங்கேயே கரைந்துபோகும்.

பலனே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். கலியாண வீடியோ தொகுக்கும் ஸ்டூடியோவில் புரொசசரை மட்டுமே நம்பி 100 நிமிடம் ஓடும் வேலை, 10 சதவீத வேகக் கூட்டலால் 91 நிமிடத்தில் முடியலாம். கடிதம் தட்டச்சு செய்பவருக்கு ஒரு பயனும் இல்லை.

புரொசசர் எரிந்துவிடும் என்ற பயத்தைவிட எனக்குப் பெரிய கவலை, சத்தமின்றி நேரும் பிழை. கணனி நின்றுபோகாமலே ஒரு கணக்கைத் தவறாகச் செய்து, கோப்பைக் கெடுத்துவிடலாம். அத்துடன் மிகையான வோல்ற்றளவும் வெப்பமும் புரொசசரை மெல்ல மெல்லத் தேய்க்கும். இன்டெல்லின் 13ஆம், 14ஆம் தலைமுறை டெஸ்க்டொப் புரொசசர்கள் சில உயர் வோல்ற்றளவால் நிலைகுலைந்ததை அந்நிறுவனமே 2024இல் ஒப்புக்கொண்டு, உத்தரவாதத்தை இரண்டு ஆண்டுகள் நீடித்தது.

ஆகவே நம் ஊருக்கு நான் பரிந்துரைப்பது எதிர்த்திசை: வேகத்தை அப்படியே விட்டு, வோல்ற்றளவைச் சிறிது சிறிதாகக் குறைப்பது. 5 சதவீதம் குறைத்தாலே வலு ஏறத்தாழ 10 சதவீதம் இறங்கும். எதைச் செய்தாலும் முதலில் கூலரில் படிந்த புழுதியைத் துடையுங்கள். மாற்றிய அமைப்பு முழுச் சுமையில் நிலையாக ஓடுகிறதா என்ற சோதனையை மத்தியான வெயிலில் சில மணிநேரம் ஓடவிடுங்கள். இரவில் தேறிய அமைப்பு பகலில் தேறாமல் போகலாம்.