‘பதவிக்கு ஏற்ற வீடு’ கேட்டு வருபவர்களுக்கு ஒரு கட்டடப் பொறியாளரின் வேண்டுகோள்

இந்த ஆண்டில் மட்டும் நான்காவது முறையாக அதே கோரிக்கையோடு ஒரு குடும்பம் என் அலுவலகப் படியேறியது. இனியும் வாயை மூடிக்கொண்டிருந்தால் தவறு என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன். சேலத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாக வீட்டு வரைபடம் போட்டும் கம்பிக் கணக்குப் பார்த்தும் பிழைப்பவன் நான். வந்தவர் மாநகராட்சி வார்டு உறுப்பினர். நெசவாளர் குடும்பத்துப் பெண்மணி. 720 சதுர அடியில் ஓட்டு வீடு, முன்னால் குறுகலான ஒரு திண்ணை, உள்ளே மாமனார் காலத்துக் குழித்தறி. கூட வந்த மைத்துனர்தான் பேசினார்: “சார், ஓட்டு வீட்டில் இருக்கிற கவுன்சிலரை எந்த அதிகாரி மதிப்பார்? மேலே ஒரு மாடி எடுத்து, தெருவைப் பார்த்து நின்று கும்பிடுகிற மாதிரி பெரிய பால்கனி ஒன்று வைத்துக் கொடுங்கள். முகப்பு எலிவேஷன் தூக்கலாக இருக்க வேண்டும்.” அந்த அம்மா ஒரு வார்த்தையும் பேசவில்லை, பையிலிருந்த மனுக்களைத் தெருவாரியாகப் பிரித்து ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் அந்த வீட்டைப் போய்ப் பார்த்தேன். ஒன்பது அங்குலச் சுவர், மண் சாந்தில் கட்டியது. சுவரோரம் ஓரிடத்தில் குழி எடுத்துப் பார்த்தபோது கடைக்கால் மூன்றடிகூடப் போகவில்லை. பில்லர் இல்லை, பீம் இல்லை. இதன் தலையில் ஐந்து அங்குலக் கான்கிரீட் தளம் போட்டால் அந்தத் தளத்தின் எடை மட்டுமே ஏறத்தாழ 21 டன். மாடிச் சுவர், மேல்தளம், தண்ணீர்த் தொட்டி எல்லாம் அதற்கு மேல். முடியாது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ஆனாலும், “மேஸ்திரி முடியும் என்கிறாரே” என்று மைத்துனர் கேட்டார். சுவர் பிளந்தால் அதற்குப் பதில் சொல்ல மேஸ்திரி வரப்போவதில்லை என்பதை மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

என்னை உண்மையில் கோபப்படுத்துவது அந்த மாடி அன்று. அதற்கு அடியில் இருக்கும் எண்ணம். பதவிக்கு வந்தவருக்கு அதற்குத் தகுந்த வீடு இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் பதவிக்கே மரியாதை இல்லை என்று உறவினர் சொல்கிறார்கள், கட்சிக்காரர்கள் சொல்கிறார்கள், எதிர்வீட்டுக்காரர்களும் சொல்கிறார்கள். ஒரு உறுப்பினரின் வீடு எத்தனை மாடி என்று பார்த்துவிட்டுச் சாக்கடை அடைப்பை எடுக்க வரும் பொறியாளரை என் அனுபவத்தில் நான் கண்டதில்லை. மன்றக் கூட்டத்தில் பதிவான கேள்வியும், தேதியிட்டு ஒப்புகை வாங்கிய கடிதமும், ‘மூன்று மாதத்துக்கு முன் கொடுத்த மனு என்ன ஆயிற்று’ என்று நேரில் வந்து நிற்கும் பிடிவாதமும்தான் அலுவலகங்களில் கோப்பை நகர்த்துகின்றன. அந்தக் கடிதம் கிரானைட் மேசையில் எழுதப்பட்டதா, தறிமேடையின் விளிம்பில் வைத்து எழுதப்பட்டதா என்பது பெறுபவருக்குத் தெரியப்போவதுமில்லை.

பதவிக்குக் கம்பீரம் வேண்டாமா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். கம்பீரம் தேவைப்படும் பதவிகளுக்கு அரசே இல்லம் கொடுக்கிறது. அது பதவியின் வீடு. பதவி முடிந்தால் சாவியைக் கொடுத்துவிட்டு வெளியேற வேண்டும். இந்த வேறுபாட்டை உணர நம் ஊர்க்காரர் ஒருவரின் வாழ்க்கையே போதும். சேலத்தில் வழக்கறிஞராகத் தொழில் செய்து, 1917 முதல் 1919 வரை அன்றைய சேலம் நகராட்சியின் தலைவராக இருந்த இராஜாஜி, 1925-இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை நிறுவி, வசதியான வாழ்க்கையை விட்டுவிட்டுப் பிள்ளைகளோடு அங்கே ஒரு குடிசையில் குடியேறினார். அதே மனிதர் 1948-இல் நாட்டின் கவர்னர் ஜெனரலாகி, இன்று குடியரசுத் தலைவர் மாளிகையாக இருக்கும் 340 அறைகள் கொண்ட கட்டடத்தில் வசித்தார். 1950 ஜனவரியில் குடியரசு பிறந்ததும் அதைவிட்டு வெளியேறினார். குடிசையில் இருந்தபோது அவர் குறைந்துவிடவுமில்லை. மாளிகை அவருடைய சொத்தாகிவிடவுமில்லை. காமராசர் 1954 முதல் 1963 வரை முதலமைச்சர்; சென்னை தியாகராய நகரில் திருமலைப்பிள்ளை சாலையில் அவர் வசித்தது வாடகை வீட்டில். 1975-இல் இறக்கும்வரை அது அவருக்குச் சொந்தமாகவில்லை. பிறகுதான் அரசு அதை நினைவில்லமாக்கியது. ஒன்பது ஆண்டு முதலமைச்சருக்குப் பொருந்திய வாடகை வீடு ஐந்தாண்டு வார்டு உறுப்பினருக்குப் பொருந்தாதா?

அதற்காக ஒழுகும் கூரையைப் புகழ்வதையும் நான் ஏற்கமாட்டேன். இது இன்னொரு வகைத் தவறு. மழையில் பாத்திரம் வைத்துத் தண்ணீர் பிடிக்கும் மக்கள் பிரதிநிதியைப் படமெடுத்துப் போட்டு ‘எளிமையின் சிகரம்’ என்று எழுதுகிறார்கள். எளிமை வேறு, இடிபாடு வேறு. ஒழுகும் ஓட்டை மாற்ற வேண்டும், கறையான் அரித்த உத்திரத்தை மாற்ற வேண்டும், பழைய மின்கம்பியை மாற்றியே ஆக வேண்டும். யாருடைய புகழுரைக்காகவும் குழந்தைகளை விரிசல் விட்ட சுவருக்குக் கீழே படுக்க வைக்காதீர்கள்.

பால்கனிக்கு வருகிறேன், ஏனெனில் உயிர்போகும் ஆபத்து அங்கேதான் இருக்கிறது. வீட்டு அறைகளை நாங்கள் ஒரு சதுர மீட்டருக்கு 200 கிலோ பயன்பாட்டுச் சுமை தாங்குமாறு வடிவமைக்கிறோம். வீட்டுப் பால்கனிக்கு 300 கிலோ. மக்கள் கூடி நிற்கும் இடத்துக்கு இந்தியத் தரக் குறியீடு கேட்பது 500 கிலோ. வெற்றி பெற்ற நாளிலும் தலைவர் பிறந்தநாளிலும் மாலையோடும் பட்டாசோடும் முப்பது பேர் ஏறி நிற்கும் பால்கனி, வீட்டுப் பால்கனி ஆகாது, அது மேடை. சுவரைவிட்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தளத்தில் முதன்மைக் கம்பி மேற்புறத்தில் இருக்க வேண்டும். கான்கிரீட் போடும்போது ஆட்கள் அதன்மேல் மிதித்து மிதித்துக் கம்பி கீழே அமுங்கிவிடுவதை நான் எத்தனையோ இடங்களில் நின்று திட்டித் தூக்க வைத்திருக்கிறேன். நான் நிற்காத இடங்களில் அது எப்படி இருக்கிறதோ என்பதை நினைத்தாலே கவலையாக இருக்கிறது. எலிவேஷனுக்காக மூன்றடியை ஐந்தடியாக இழுக்கச் சொல்லி மேஸ்திரியிடம் கேட்காதீர்கள். அவர் இழுத்துக் கொடுத்துவிடுவார்.

மலையில் நிலைமை இன்னும் மோசம். ஏற்காடு மலைக் கிராமம் ஒன்றில் ஊராட்சிப் பொறுப்பில் இருந்த ஒருவர், “கார் வாசலில் வந்து நிற்காவிட்டால் என்ன மரியாதை?” என்று, வீட்டுக்குப் பின்னால் இருந்த சரிவைப் பத்தடி உயரத்துக்குச் செங்குத்தாக வெட்டிப் போர்ட்டிகோவுக்கு இடம் எடுத்தார். தடுப்புச் சுவரைக் கருங்கல்லில் கட்டினார்கள். ஆனால் நீர் வடிய ஒரு துளைகூட விடவில்லை. ஐப்பசி மழையில் பின்னால் தேங்கிய தண்ணீர் சுவரைத் தள்ளியது. நான் பார்த்தபோது சுவர் நடுவில் ஒரு சாண் வயிறு தள்ளி நின்றது, அதற்கு நாலடி தள்ளி அவருடைய தாயார் படுக்கும் அறை. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காடு மலைப்பாதை மண் சரிந்து போக்குவரத்து நின்றதை எல்லோரும் பார்த்தோம். அங்கே மண்ணை வெட்டுவதற்கும் கட்டுவதற்கும் மலையிடப் பாதுகாப்புக் குழும விதிகள் இருக்கின்றன. பதவியில் இருப்பவர் அவற்றை மற்றவர்களுக்கு முன்பாகக் கடைப்பிடிக்க வேண்டும். அவருடைய தாயாரை அன்றைக்கே வேறு அறைக்கு மாற்றச் சொல்லி, நின்று மாற்றவைத்துவிட்டுத்தான் மலையிறங்கினேன்.

பணக் கணக்கு என் வேலை இல்லை என்றாலும், மதிப்பீட்டுச் சான்று கேட்டு என்னிடம்தான் வருகிறார்கள் என்பதால் சொல்கிறேன். மாநகராட்சி உறுப்பினருக்கு 2023 முதல் வழங்கப்படும் மதிப்பூதியம் மாதம் 10,000 ரூபாய். 20 லட்சம் ரூபாயை 9 சதவீத வட்டியில் 20 ஆண்டுக் கடனாக வாங்கினால் மாதத் தவணை ஏறத்தாழ 18,000. பதவி ஐந்தாண்டு, கடன் இருபதாண்டு. நாளை சட்டமன்றத்துக்குப் போட்டியிட்டால், வேட்புமனுவோடு கொடுக்கும் பிரமாணப் பத்திரத்தில் இடத்தின் பரப்பு, கட்டடத்தின் பரப்பு, கட்டுமானத்துக்குச் செலவிட்ட தொகை, இன்றைய சந்தை மதிப்பு, கடன் நிலுவை எல்லாவற்றையும் எழுத வேண்டும். “சார், மதிப்பைக் கொஞ்சம் குறைத்துப் போட்டுக் கொடுங்கள்” என்று என்னிடம் வராதீர்கள், நான் போடமாட்டேன். வருமானத்துக்கு மீறிய சொத்து என்று புகார் எழுந்தால், டேப்பைப் பிடித்துக்கொண்டு உங்கள் வீட்டை அளந்து தளத்துக்கும் டைல்ஸுக்கும் மரத்துக்கும் தனித்தனியாக விலை போடப் பொதுப்பணித் துறைப் பொறியாளர்கள் வருவார்கள். அவர்களிடம் என் சான்று நிற்காது.

இன்னொரு பெரிய அபாயம், சாலை ஒப்பந்தக்காரர் சிரித்துக்கொண்டே சொல்லும் ஒரு வாக்கியம்: “வீட்டு வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன் அண்ணா, காசு மெதுவாகக் கொடுங்கள்.” அந்தக் காசை யாரும் எப்போதும் கேட்கப்போவதில்லை, அதற்குப் பதில் உங்கள் வார்டுச் சாலையில் ஜல்லியின் கனம் குறையும். அவரிடமிருந்து ஒரு மூட்டை சிமெண்டும் வாங்காதீர்கள். அவருடைய லாரி உங்கள் வாசலில் மணல் கொட்டவும் கூடாது. வாங்கும் ஒவ்வொரு பொருளுக்கும் பில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் மக்கள் பிரதிநிதியின் வீட்டில் எதுவுமே செய்ய வேண்டாமா? செய்ய வேண்டும். நான் கட்டிக் கொடுக்காத, ஆனால் வேறொரு வேலைக்காகப் போன பெரிய வீடு ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். வாசல் முழுவதும் கறுப்புக் கிரானைட். முதியோர் உதவித்தொகைக்காக வந்திருந்த ஒரு பெரியவர் முதல் படியில் செருப்பைக் கழற்றினார்; தோளில் கிடந்த துண்டை எடுத்துப் பாதத்தைத் துடைத்தார்; பளபளத்த தரையைப் பார்த்தார்; பிறகு செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு தெருவுக்கு எதிரே வேப்பமரத்தடிக்குப் போய் நின்றார். அங்கே ஏற்கெனவே பத்துப் பன்னிரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். உள்ளே சோபா காலியாக இருந்தது. வீட்டுக்காரர் யாரையும் தடுக்கவில்லை, வாயில்கதவும் திறந்தேதான் இருந்தது. அந்தத் தரையே அவர்களைத் தடுத்துவிட்டது.

அந்தக் காட்சியை நெசவாளர் வீட்டு அம்மாவிடம் சொன்னபோதுதான் அவர் முதல்முறையாக வாய் திறந்தார். “காலையில் இருபது பேருக்கு மேல் வருகிறார்கள் சார். தெரு குறுகல், வெயிலில் நிற்கிறார்கள். பெண்கள் பாத்ரூம் கேட்டால் என் படுக்கை அறை வழியாகத்தான் போக வேண்டியிருக்கிறது.” இதைத்தான் முதல் நாளே யாராவது என்னிடம் சொல்லியிருக்க வேண்டும். மாடியை விட்டுவிட்டோம். பழுதான ஓடுகளையும் இரண்டு உத்திரங்களையும் மாற்றினோம். திண்ணையை மனைக்குள்ளேயே பத்துக்குப் பதினான்கு அடியாக அகலப்படுத்தி, கூரையைத் தனி இரும்புத் தூண்களில் நிறுத்தினோம். பழைய சுவரின் மேல் ஒரு கிலோ சுமைகூட ஏற்றவில்லை. இரண்டு பக்கமும் சிமெண்டு பெஞ்சு, பதினெட்டு அங்குல உயரத்தில். அதற்குக் கீழே போனால் முழங்கால் வலிக்காரர்கள் எழுந்திருக்கச் சிரமப்படுவார்கள். ஆறு அங்குலப் படிக்குப் பக்கத்தில் ஆறடி நீளத்துக்குச் சாய்தளமும் கைப்பிடிக் குழாயும். பக்கச் சந்து வழியாகத் தனிக் கழிப்பறை, அதற்குத் தனி வாசல். மனு எழுதுவதற்கு ஒரு சாய்மேசை, பக்கத்தில் குடிநீர்க் குழாய். தரை சொரசொரப்பான சிமெண்டுத் தரைதான். ஈரக்காலோடு வந்தாலும் வழுக்காது, அழுக்குக் காலோடு வரக் கூச்சமும் இருக்காது. எல்லாம் சேர்ந்து நான்கு லட்சத்துக்குள் முடிந்தது. தறி அதன் இடத்திலேயே இருக்கிறது. மைத்துனருக்கு இன்னும் என்மேல் வருத்தம் உண்டு.

வீட்டைத் தொடுவதற்கு முன் ஒரு வாரம் காலை ஏழு மணியிலிருந்து ஒன்பது மணிவரை உங்கள் வாசலில் யார் யார் வருகிறார்கள், எங்கே நிற்கிறார்கள், எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி எடுத்து வாருங்கள். எலிவேஷன் படங்களை அப்புறம் பார்க்கலாம். பழைய வீட்டின்மேல் ஏற்கெனவே மாடியும் நீண்ட பால்கனியும் எழுப்பிவிட்டவர்களிடம் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: அடுத்த விழாவுக்கு முன் ஒரு கட்டமைப்புப் பொறியாளரை அழைத்துக் காட்டுங்கள். பால்கனியின் மேற்புறம், சுவரை ஒட்டிய இடத்தில் நூல்போலக் கோடு ஓடியிருந்தால் அதைப் பூச்சு விரிசல் என்று நினைத்துப் பட்டி வைத்து மூடாதீர்கள்; அன்றிலிருந்தே அங்கே யாரையும் ஏற்றாதீர்கள், கீழே யாரையும் நிற்க விடாதீர்கள். சேலத்துக்குள் என்றால் நானே வந்து பார்க்கிறேன். அதற்குக் கட்டணம் வேண்டாம். கம்பி கட்டியபோது எடுத்த படம் ஏதாவது இருந்தால் மட்டும் தேடி எடுத்து வையுங்கள்.