கீமோவைத் தாங்காத உடம்புக்குப் புற்றுநோய் வந்தால்

வெற்றிலை, புகையிலை, பீடி எதையும் தொட்டதே இல்லை. வயது இருபத்தைந்துதான். ஆனால் நாக்கில் புற்றுநோய். இப்படி ஒருவர் வந்தால், கீமோ எழுதுவதற்கு முன் அவருடைய கட்டைவிரல்களை ஒரு நிமிடம் உற்றுப் பார்க்க வேண்டும். அவை பிறவியிலேயே சிறுத்தோ கோணலாகவோ இருக்கின்றனவா? ஆள் குள்ளமா? தோலில் காப்பி நிறத் திட்டுகள் உண்டா? இருந்தால் ஃபான்கோனி ரத்தசோகை என்ற அபூர்வப் பரம்பரை நோயைச் சந்தேகிக்கலாம். இந்த அடையாளங்கள் எதுவுமே இல்லாமலும் அது இருக்கக்கூடும் என்பதுதான் சிக்கல்.

1927இல் சுவிட்சர்லாந்துக் குழந்தை மருத்துவர் குய்டோ ஃபான்கோனி, ஒரே வீட்டில் பிறந்த மூன்று சிறுவர்களிடம் இந்த நோயைக் கண்டு எழுதினார். அது ஏன் புற்றுநோய் சிகிச்சையையே புரட்டிப்போடுகிறது என்று புரிய, சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து வேலை செய்யும் விதம் தெரிய வேண்டும்.

டிஎன்ஏ இரண்டு இழைகளால் ஆனது. செல் பிரியும்போது அந்த இழைகள் ஜிப் திறப்பதுபோல விலகினால்தான் நகல் எடுக்க முடியும். சிஸ்பிளாட்டின் சில இடங்களில் இரண்டு இழைகளையும் சேர்த்து ஸ்டேப்ளர் பின் அடித்துவிடுகிறது. ஜிப் அங்கேயே நின்றுவிடும், செல் சாகும்.

சரி, நல்ல செல்லிலும் பின் விழுமே? விழும். ஆனால் பின்னைக் கழற்றி, கிழிந்த இடத்தைத் தைக்க ஒரு பழுதுபார்க்கும் குழு உள்ளே இருக்கிறது. இருபதுக்கும் மேற்பட்ட மரபணுக்கள் சேர்ந்து அதை நடத்துகின்றன. மார்பகப் புற்றுநோயோடு சேர்த்துப் பேசப்படும் பிஆர்சிஏ2 அவற்றில் ஒன்று. நல்ல செல்கள் தேறிவிடும், தாறுமாறாகப் பெருகும் புற்றுசெல்கள் தேறாது. கீமோ பிழைப்பதே இந்த இடைவெளியில்தான்.

ஃபான்கோனி நோயாளியிடம் அந்தக் குழு சரியாக இயங்குவதில்லை. பெரும்பாலும் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என ஒரே மரபணுவின் இரண்டு பழுதான பிரதிகள் வந்திருக்கும். உறவுக்குள் மணம் முடிக்கும் நம் ஊர்களில் அப்படி நேர வாய்ப்பு கூடுதல். வழக்கமான அளவு மருந்து கொடுத்தால் எலும்பு மஜ்ஜை வறண்டுவிடும், வாயும் குடலும் புண்ணாகிவிடும். புற்றுக்கட்டியும் அதே உடம்பில் பிறந்ததால் அதுவும் மருந்துக்குப் பலவீனமானதுதான், ஆனால் அதில் ஆறுதல் இல்லை. கட்டியைக் கொல்லும் அளவே ஆளையும் கொல்லும்.

அதனால் கத்தியைத்தான் முதலில் நம்ப வேண்டியிருக்கிறது. அறுவை டிஎன்ஏவைச் சீண்டுவதில்லை. கட்டி சிறிதாக இருக்கும்போதே முழுவதும் வெட்டியெடுக்க முடிந்தால் அதுவே நல்ல வழி. ரேடியேஷன் தவிர்க்க முடியாதபோது மட்டும், மிகுந்த கவனத்தோடு.

மருந்தின் அளவைக் குறைத்தே சாதித்த கதையும் உண்டு. ரத்தம் ஊறும் மஜ்ஜையே செயலிழப்பதுதான் இந்த நோயின் ரத்தசோகை; அதற்குச் செய்யும் மஜ்ஜை மாற்றுக்கு முன் கொடுக்கும் சைக்ளோபாஸ்ஃபமைடு என்ற கீமோ மருந்து இவர்களை வதைப்பதைக் கண்ட பிரெஞ்சு மருத்துவர் எலியான் குளுக்மன், அளவை வெகுவாகக் குறைத்தார். 1988இல் பாரிஸில் அவர் குழு செய்த உலகின் முதல் தொப்புள்கொடி ரத்த மாற்று சிகிச்சையும் ஒரு ஃபான்கோனி சிறுவனுக்குத்தான். ஆனால் மாற்று சிகிச்சை ரத்தத்தை மட்டுமே மாற்றும். வாயின் செல்கள் பழையவையே. ரத்த நோயிலிருந்து தப்பி வளர்ந்த பிள்ளைகளுக்குத்தான் பிறகு நாக்கிலும் ஈறிலும் புற்று வருகிறது. மற்றவர்களைவிடப் பல நூறு மடங்கு அதிகமான ஆபத்து இது. பத்து வயதிலிருந்தே ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாயைப் பார்க்கச் சொல்வது அதனால்தான்.

கண்டுபிடிக்கும் சோதனை எளிமையானது. ரத்தத்திலுள்ள வெள்ளணுக்களை வளர்த்து, இழைகளைப் பிணைக்கும் ஒரு ரசாயனத்தைச் சேர்ப்பார்கள். ஃபான்கோனி என்றால் குரோமோசோம்கள் கண்டபடி உடைந்து கிடக்கும். ஆனால் சிலருக்கு ஒருசில ரத்த செல்கள் தாமாகவே பழுதைத் திருத்திக்கொண்டு பெருகியிருக்கும். அப்போது ரத்தம் பொய் சொல்லும். சந்தேகம் தீராவிட்டால் தோலில் ஒரு சிறு துணுக்கு எடுத்து மறுபடி சோதிக்க வேண்டும், முதல் கீமோ பாட்டில் தொங்குவதற்கு முன்பே.