அனஸ்தீசியா: மயக்கமா, உணர்வகற்றலா?

அம்மம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்து ஒப்பரேஷன் நடந்தது. தியேட்டரில் இருந்து வெளியே கொண்டுவந்ததும் அவர் கலங்கிப்போய்ச் சொன்ன முதல் வார்த்தை இதுதான்: "எனக்கு மயக்கம் வரவேயில்லை மோனை. சுத்தியலாலை தட்டின சத்தமும் கேட்டது. மருந்து வேலை செய்யேல்லைப் போல." நொந்ததா என்று கேட்டேன். "நோவு ஒண்டும் இல்லை. ரெண்டு காலும் விறைச்சுப் போச்சு" என்றார்.

மருந்து சரியாகவே வேலை செய்திருந்தது. அவரைப் பயப்படுத்தியது ஒரு சொல். "மயக்க மருந்து குடுப்பினம், ஒண்டும் தெரியாது" என்று முதல்நாள் முழுக்க வீட்டில் எல்லாருமாகச் சொல்லி வைத்திருந்தோம். கொடுத்ததோ முதுகில் போடும் விறைப்பூசி. மயக்கம் வரும் என்று காத்திருந்தவருக்கு அது வராதபோது, வெட்டும்போது நோகப்போகிறது என்ற பயம் வந்துவிட்டது. அன்றிலிருந்துதான் இந்தச் சொல்லைக் கொஞ்சம் ஆழமாகப் பார்க்கத் தொடங்கினேன்.

நாங்கள் மயக்கம் கொடுப்பது என்று சொல்வதற்கு ஆங்கிலத்தில் அனஸ்தீசியா என்று பெயர். அது கிரேக்கச் சொல். 'அன்' என்பது இன்மை, 'ஐஸ்தேசிஸ்' என்பது உணர்தல். சேர்த்தால் உணர்வின்மை. தூக்கம், மயக்கம், நினைவிழப்பு எதுவும் இதற்குள் இல்லை. கி.பி. முதலாம் நூற்றாண்டின் கிரேக்க மருத்துவர் டயொஸ்கொரிடீஸ், மண்ட்ரகோரா என்னும் மூலிகையின் குணத்தைச் சொல்லும்போதே இதைக் கையாண்டிருக்கிறார். ஆனால் இன்றைய பொருளில் அதை நிலைநிறுத்தியவர் ஒலிவர் வென்டெல் ஹோம்ஸ் என்ற அமெரிக்கர். மருத்துவர், கவிஞரும்கூட. 1846 ஒக்டோபர் 16 அன்று பொஸ்டன் நகரில் வில்லியம் மோர்ட்டன் ஈதர் ஆவியை முகரவைத்து, ஒருவரின் கழுத்துக் கட்டியை வெட்டுவதற்கு வழிசெய்து காட்டினார். அடுத்த மாதம் 21ஆம் திகதி ஹோம்ஸ் அவருக்கு எழுதிய கடிதத்தில், இந்த நிலையை அனஸ்தீசியா என்று அழைக்கலாம் என்றார். பெயர் நிலைத்துவிட்டது.

அதற்கு அடுத்த வருடம், 1847இல், அதே மசாசூசெட்ஸ் மாநிலத்தவரான சாமுவேல் கிறீன் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். மானிப்பாயில் இருந்துகொண்டு நம்மவர்களுக்கு மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்தவர் அவர். 1867இல் வந்த அவருடைய 'இரண வைத்தியம்' என்ற நூல் சத்திரசிகிச்சை பற்றியது. தமிழில் சொல் இருந்தால் அதையும், வடமொழியில் இருந்தால் அதையும் எடுத்தார். இல்லாத இடத்தில் கெமிஸ்ட்ரியை 'கெமிஸ்தம்' என்றதுபோல் ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் உருவம் கொடுத்தார். மருத்துவச் சொல் ஆக்குவது இந்த மண்ணுக்குப் புதிய வேலை இல்லை என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

சரி, மயக்கம் என்ற சொல்லுக்கு வருவோம். அதன் வேர் மயங்கு. பழைய இலக்கணத்தில் அதற்குக் கலத்தல் என்று பொருள். மெய்யெழுத்துகள் அடுத்தடுத்து வருவதை மெய்ம்மயக்கம் என்கிறோம். ஒரு திணைக்குரியது இன்னொன்றில் கலந்து வந்தால் திணைமயக்கம். கலப்பதில் இருந்து எது எதுவென்று தெரியாத குழப்பம், அதில் இருந்து அறிவு தடுமாறுதல், அப்புறம் வெயிலில் நின்றவர் நினைவிழந்து விழுவது என்று பொருள் நகர்ந்து வந்திருக்கிறது. அழகான சொல்தான். ஆனால் அம்மம்மாவுக்கு நடந்தது இதில் எதுவும் இல்லை. அவருடைய அறிவு தெளிவாக இருந்தது. இடுப்புக்குக் கீழே உணர்வு மட்டும் இல்லை.

நினைவிழக்கச் செய்யும் முழு மயக்கத்தில்கூட நினைவிழப்பு ஒரு பங்குதான். நினைவு அடங்க வேண்டும், நோவு தெரியக்கூடாது, பல ஒப்பரேஷன்களில் தசைகளும் தளர வேண்டும். நினைவை அடக்கப் பெரும்பாலும் நாளத்தில் ஏற்றுவது புரொப்போஃபோல் என்ற பால்போன்ற வெள்ளை மருந்து. தசை தளர்த்தும் மருந்து கொடுத்தால் மூச்சுத் தசைகளும் ஓய்ந்துவிடும். அதனால் மூச்சுக்குழாய்க்குள் குழாய் வைத்து, இயந்திரத்தால் சுவாசம் கொடுக்கிறார்கள். இதயத்துடிப்பு, இரத்த அழுத்தம், ஒட்சிசன் அளவு, வெளிவிடும் காற்றில் உள்ள காபனீரொட்சைட்டு எல்லாவற்றையும் இந்த மருந்துகளைக் கொடுக்கும் மருத்துவர் கடைசிவரை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வெட்டுபவரின் கண் வெட்டும் இடத்தில் இருக்கும். உயிரின் மீது கண் வைத்திருப்பவர் இவர்தான். 'ஊசி போடுறவர்' என்று இவரைச் சொல்வதைக் கேட்டால் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

முதல்நாள் வந்து பொய்ப்பல் இருக்கிறதா, பிறஷர் குளிசை என்ன, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா என்று கேட்பதும் இவரே. வழக்கமாக ஆறு மணி நேரத்துக்கு முன்பே சாப்பாட்டை நிறுத்தச் சொல்வதற்கும் காரணம் உண்டு. மயங்கிய நிலையில் வயிற்றில் உள்ளது மேலே வந்து நுரையீரலுக்குள் போனால் ஆபத்து. "ஒரு வாய் தேத்தண்ணி தானே" என்று பால் தேத்தண்ணி கொடுத்துவிட்டு மறைப்பவர்கள் தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். தியேட்டருக்கு வெளியே தீவிர சிகிச்சைப் பிரிவிலும், பிரசவ நோவு தணிப்பதிலும் இவர்களின் கை இருக்கிறது.

இலங்கையில் இந்த இடத்துக்கு வர நீண்ட காலம் எடுக்கும். ஐந்து வருட மருத்துவப் பட்டம், ஒரு வருட உள்ளகப் பயிற்சி, பிறகு கொழும்பில் உள்ள பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தின் தேர்வுகள், பல வருடப் பயிற்சி, வெளிநாட்டில் பயிற்சி, அதற்குப் பிறகே விசேட வைத்திய நிபுணர்.

இவரைத் தமிழில் எப்படி அழைப்பது? 'மயக்க மருந்து நிபுணர்' எல்லாருக்கும் விளங்கும். ஆனால் பாதி வேலையை மறைக்கிறது. 'உணர்வழியியல்' என்ற சொல்லும் உண்டு. அழிந்தது திரும்பி வராது என்ற எண்ணம் வருவதால் நோயாளி முன்னால் அதைச் சொல்ல எனக்கு விருப்பம் இல்லை. 'உணர்வகற்றல்' நல்லது. அகற்றி வைத்ததைத் திரும்ப எடுக்கலாம். கிரேக்கச் சொல்லின் பொருளுக்கும் அது நெருங்கி நிற்கிறது. எழுத்தில் உணர்வகற்றல் மருத்துவர் என்றும், வார்ட்டில் பேசும்போது முழு மயக்கமா, விறைப்பா என்று பிரித்தும் சொன்னால் போதும்.

வீடு திரும்பிய பிறகு ஒருநாள், அந்த டொக்டரை நினைவிருக்கிறதா என்று அம்மம்மாவிடம் கேட்டேன்.

"பேர் தெரியாது மோனை. முழு நேரமும் என்ரை தலைமாட்டிலை நிண்டு கதைச்சுக்கொண்டிருந்த பிள்ளை."