பதினோரு பேர் போக மீதிப் பேர்

இங்கிலாந்து கால்பந்து ஆட்டம் ஒன்று முடிந்த பிறகும் கேமரா மைதானத்தை விட்டு விலகாமல் இருந்தால் ஒரு வேடிக்கையைப் பார்க்கலாம். ஆடியவர்கள் ரசிகர்களைப் பார்த்துக் கைதட்டிவிட்டு உள்ளே போய்விடுகிறார்கள். இருக்கைகள் காலியாகிக்கொண்டிருக்கின்றன. அந்த நேரத்தில் ஏழெட்டுப் பேர் புல்தரைக்குத் திரும்பி வந்து, ஒரு கோட்டிலிருந்து இன்னொரு கோட்டுக்கு மூச்சு வாங்க ஓடத் தொடங்குகிறார்கள். பக்கத்தில் உடற்பயிற்சியாளர் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தபடி நிற்கிறார். பார்ப்பதற்குத் தண்டனை போலத்தான் இருக்கும். உண்மையில் இவர்கள் அன்று ஆட்டத்தில் இறக்கப்படாதவர்கள், அல்லது கடைசிப் பத்து நிமிடம் மட்டும் இறங்கியவர்கள்.

தொண்ணூறு நிமிடம் ஆடும் வீரர் பத்து முதல் பன்னிரண்டு கிலோமீட்டர் வரை ஓடுகிறார். அதில் சில நூறு மீட்டர், உடம்பால் முடிந்த உச்ச வேகத்தில் பாய்ந்து கடப்பது. சாதாரணப் பயிற்சியில் அந்தப் பாய்ச்சலுக்கு வாய்ப்புக் குறைவு. வாரக்கணக்கில் அது கிடைக்காவிட்டால் தொடையின் பின்தசை அந்த வேகத்துக்கான பழக்கத்தை இழக்கிறது. பிறகு யாருக்கோ காயம் என்று திடீரென ஆட்டத்தில் இறக்கும்போது அதே தசை இழுத்துக்கொள்கிறது. அதனால்தான் காலி மைதானத்தில் இந்த ஈடுகட்டும் ஓட்டம். தசைக்கு இப்படி ஈடுகட்டிவிடலாம். மனத்துக்கு எப்படி ஈடுகட்டுவது என்பதுதான் அணியைத் தேர்வு செய்யும் மேலாளரின் தலைவலி.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். இங்கிலாந்தின் முதல்நிலைப் போட்டியான பிரீமியர் லீக்கில் ஒரு கிளப் அதிகபட்சம் 25 மூத்த வீரர்களைப் பதிவு செய்யலாம். 21 வயதுக்குட்பட்டவர்கள் இந்தக் கணக்கில் வருவதில்லை. ஆட்ட நாளில் 20 பேரின் பெயரைக் கொடுக்க வேண்டும்: பதினோரு பேர் களத்தில், ஒன்பது பேர் மாற்று ஆட்டக்காரர்களாகப் பெஞ்சில். 2022-23 பருவத்திலிருந்து அந்த ஒன்பதில் ஐந்து பேரை இறக்கலாம். அதற்கு முன்பு வழக்கமாக மூன்றுதான். ஆக, அதிகபட்சம் 16 பேர் ஆடுகிறார்கள். முழுப் பட்டியலும் காயமின்றி இருந்தால் குறைந்தது ஒன்பது பேருக்கு அன்று ஒரு நிமிடமும் கிடையாது. அவர்களில் ஐந்து பேர் சீருடையே அணியாமல் கோட்டும் சூட்டுமாக மேலே உட்கார்ந்து பார்க்கிறார்கள். சின்ன வயதிலிருந்து தங்கள் ஊரிலும் பள்ளியிலும் எப்போதும் முதல் பெயராக அழைக்கப்பட்டுப் பழகியவர்கள் இவர்கள் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆடாதவர்களின் மனக்கசப்பு ஆடுகிறவர்களை ஏன் பாதிக்க வேண்டும்? சம்பளம் வாங்கிக்கொண்டு சும்மா இருக்கட்டுமே என்று கேட்பவர்கள் உண்டு. விடை சனிக்கிழமை ஆட்டத்தில் இல்லை, வியாழக்கிழமை பயிற்சியில் இருக்கிறது. முதல் பதினொருவர் அந்த வாரத்து எதிரணியை எப்படிச் சமாளிப்பது என்று ஒத்திகை பார்க்கும்போது, எதிரணியாக நின்று ஆடுவது இந்த மீதிப் பேர்தான். எதிரணியின் முன்கள வீரர் எப்படிப் பந்தைத் துரத்துவாரோ அப்படி அவர்கள் துரத்த வேண்டும். அரை மனத்தோடு துரத்தினால் தடுப்பாட்டக்காரருக்குப் பந்தை வெளியே எடுக்க இரண்டு விநாடி கூடுதலாகக் கிடைக்கும். சனிக்கிழமை அந்த இரண்டு விநாடி இருக்காது. யாரும் சதி செய்யவில்லை, யாரும் சண்டை போடவில்லை. ஒத்திகை மட்டும் கொஞ்சம் பொய்யாகிவிட்டது.

உளவியலாளர் ஐவன் ஸ்டைனர் 1972-இல் குழுக்களைப் பற்றி ஒரு எளிய சமன்பாட்டைச் சொன்னார். ஒரு குழு உண்மையில் செய்து முடிப்பது என்பது, அதனால் செய்ய முடிந்ததிலிருந்து சேர்ந்து வேலை செய்வதில் ஏற்படும் இழப்பைக் கழித்தால் வருவது. திறமையை விலைக்கு வாங்கலாம். இழப்பு எங்கே கசிகிறது என்று எந்தப் புள்ளிவிவர நிறுவனமும் எளிதில் சொல்லிவிடாது. அந்தக் கசிவின் பெரிய பங்கு பயிற்சி மைதானத்தில்தான் நடக்கிறது என்பது என் கருத்து.

தேர்வு செய்யப்படாத எல்லோரும் ஒரே மாதிரி கசந்து போவதில்லை. 1975-இல் ஜான் திபோ, லாரன்ஸ் வாக்கர் என்ற இருவர் வழக்குத் தீர்ப்புகளை வைத்து ஆராய்ந்தபோது, தீர்ப்பு எதிராக வந்தவர்கள்கூட, தங்கள் பக்கத்தைச் சொல்ல இடம் கிடைத்திருந்தால் அதை நியாயமானதாக ஏற்கும் போக்கைக் கண்டார்கள். முடிவு வேறு, முடிவெடுத்த விதம் வேறு. மனிதன் இரண்டையும் தனித்தனியாக எடை போடுகிறான். கால்பந்தில் இதன் பொருள் மிகச் சாதாரணமானது. தன் பெயர் இல்லை என்பதை வீரர் மேலாளர் வாயால் கேட்கிறாரா, சுவரில் ஒட்டிய பட்டியலில் பார்க்கிறாரா? காரணம் சொல்லப்படுகிறதா? அந்தக் காரணம் அடுத்த வாரம் வேறொருவருக்கும் பொருந்துகிறதா? பயிற்சியில் நன்றாக ஆடினால் இடம் உண்டு என்று சொல்லிவிட்டு, நட்சத்திர வீரர் எப்படி ஆடினாலும் இடம் பெறுகிறார் என்றால், அன்றே அந்தச் சொல் செல்லாக் காசு.

இதற்கு ஓலே குன்னர் சோல்ஷேர் ஒரு நல்ல எடுத்துக்காட்டு. மான்செஸ்டர் யுனைடெடில் அவருடைய வேலை பல சமயம் பெஞ்சில்தான். ஆனால் அது வேலையாக இருந்தது, ஒதுக்கலாக இல்லை. எதிரணித் தடுப்பாட்டக்காரர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பார். 1999 பிப்ரவரியில் நாட்டிங்காம் ஃபாரஸ்ட் அணிக்கு எதிராக மாற்று ஆட்டக்காரராக இறங்கி நான்கு கோல் அடித்தார், ஆட்டம் 8-1. அதே ஆண்டு மே 26 அன்று, ஐரோப்பியக் கிளப்களுக்கான சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் 81-ஆம் நிமிடம் இறங்கி, தொண்ணூறு நிமிடம் முடிந்தபின் ஈடாகச் சேர்த்த சில நிமிடங்களில் வெற்றி கோலை அடித்தார். பெஞ்ச் என்பது என்ன பாத்திரம் என்று தெரிந்த ஆள்.

அவரை இறக்கிய அதே மேலாளர் அலெக்ஸ் ஃபெர்குசன்தான் ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பு ஜிம் லெய்டனை வெளியே உட்கார வைத்தார். 1990 மே 12, எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டம். யுனைடெடும் கிரிஸ்டல் பேலஸும் 3-3 என்று முடித்துக்கொள்ள, மறு ஆட்டம் ஐந்து நாள் கழித்து. மூன்று கோல் வாங்கிய கோல்கீப்பர் லெய்டன், ஸ்காட்லாந்தின் அபர்டீன் கிளப்பில் இருந்த காலத்திலிருந்தே ஃபெர்குசனின் ஆள். மறு ஆட்டத்தில் அவர் இல்லை. லூட்டன் கிளப்பிலிருந்து தற்காலிகமாக வந்திருந்த லெஸ் சீலி நின்றார். யுனைடெட் 1-0 என்று வென்றது. 1986 நவம்பரில் பொறுப்பேற்ற ஃபெர்குசனுக்கு அங்கே கிடைத்த முதல் கோப்பை அது. முடிவு சரி என்று ஸ்கோர் சொல்கிறது. லெய்டன் அதன் பிறகு அந்தக் கிளப்புக்காக ஒரே ஓர் ஆட்டம் ஆடினார். இருவருக்கும் இடையிலான நட்பு மீளவில்லை.

கோல்கீப்பர் இடம் ஏன் இவ்வளவு கொடுமையானது என்பதற்கும் கணக்கே காரணம். நடுக்கள வீரரைக் கடைசி இருபது நிமிடம் இறக்கிச் சமாதானப்படுத்தலாம். கோல்கீப்பரை அப்படி இறக்க முடியாது. லெஸ்டர் சிட்டி சாம்பியனான 2015-16 பருவத்தில் காஸ்பர் ஷ்மைக்கேல் 38 லீக் ஆட்டங்களிலும் முழு நேரமும் நின்றார். எனவே மாற்று கோல்கீப்பர் மார்க் ஷ்வார்ட்சருக்கு லீக்கில் கிடைத்தது பூஜ்ஜிய நிமிடம்.

லெஸ்டர் கதைக்கு வந்துவிட்டோம், அதை அவசரமாகக் கடக்க முடியாது. பருவத் தொடக்கத்தில் அவர்கள் வெல்வதற்குச் சூதாட்ட நிறுவனங்கள் கொடுத்த விகிதம் 5000-க்கு 1. மேலாளர் கிளாடியோ ரனியேரி, முன்பு செல்சி கிளப்பில் ஓயாமல் அணியை மாற்றியதால் ‘டிங்கர்மேன்’ என்று கேலி செய்யப்பட்டவர். லெஸ்டரில் ஏறக்குறைய ஒரே பதினொருவரை வாராவாரம் இறக்கினார். கேப்டன் வெஸ் மார்கனும் ஒரு நிமிடம் விடாமல் ஆடினார். கோல் வாங்காமல் ஓர் ஆட்டத்தை முடித்தால் பீட்சா வாங்கித் தருகிறேன் என்று ரனியேரி சொன்னதும், அக்டோபரில் கிரிஸ்டல் பேலஸை 1-0 என்று வென்றபின் கடைக்கு அழைத்துப்போய் நீங்களே மாவு பிசையுங்கள் என்றதும் ஊரறிந்த கதை. பீட்சா கதை சொல்லச் சுவையானது. அட்டவணைக் கதை அவ்வளவு சுவைக்காது, ஆனால் அதிகம் விளக்குகிறது: ஐரோப்பியப் போட்டி இல்லை, இரு உள்நாட்டுக் கோப்பைகளிலிருந்தும் சீக்கிரம் வெளியேற்றம், பருவம் முழுக்க மொத்தம் 43 ஆட்டம். களைப்பு குறைந்தால் மாற்றமும் குறையும். ஆடாதவர்களுக்கோ, அணி வென்றுகொண்டே இருக்கும்போது புகார் சொல்ல வாய் வராது.

ஒற்றுமையால் வெற்றி வருகிறதா, வெற்றியால் ஒற்றுமை வருகிறதா? 1994-இல் முல்லன், காப்பர் என்ற இரு ஆய்வாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது இரண்டும் நடப்பது தெரிந்தது. இரண்டாவது போக்கு முதலாவதைவிட வலுவாக இருந்தது. அதாவது, உடை மாற்றும் அறையின் சிரிப்பைக் காட்டி வெற்றிக்குக் காரணம் சொல்பவர்கள் பாதி நேரம் வண்டியைக் குதிரைக்கு முன்னால் கட்டுகிறார்கள்.

அடுத்த பருவத்தில் லெஸ்டரின் நடுக்கள வீரர் என்கோலோ கான்டே செல்சிக்குப் போனார்; சாம்பியன்ஸ் லீக் ஆட்டங்கள் சேர்ந்தன. 2017 பிறந்து ரனியேரியின் கடைசி ஆட்டம் வரை லெஸ்டர் லீக்கில் ஒரு கோல்கூட அடிக்கவில்லை. பிப்ரவரி 23 அன்று ரனியேரி நீக்கப்பட்டார். நான்கு நாள் கழித்து உதவியாளர் கிரெய்க் ஷேக்ஸ்பியர் ஒரு காரியம் செய்தார்: சாம்பியனான அதே பதினொருவரை இறக்கினார், கான்டே இடத்தில் மட்டும் வில்ஃப்ரெட் என்டிடி. லிவர்பூல் 3-1 என்று தோற்றது. மேலாளரைக் கவிழ்க்க வீரர்கள் வேண்டுமென்றே ஆடாமல் இருந்தார்கள் என்று அப்போது பலர் பேசினார்கள். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. லீக்கில் ஐந்து தோல்வி தொடர்ந்து வந்த அணி அடுத்து கொஞ்சம் நன்றாக ஆடுவது இயல்பு; எந்த அணியும் தன் சராசரியை நோக்கித் திரும்பும். 1986 முதல் 2004 வரையிலான டச்சுக் கால்பந்தை ஆராய்ந்த ஒரு பொருளியல் ஆய்வு, மேலாளரை மாற்றிய கிளப்களும் மாற்றாமல் பொறுத்திருந்த கிளப்களும் ஏறக்குறைய ஒரே மாதிரி மீண்டன என்றது. ஆனாலும் பழைய பதினொருவர், பழைய இடம், பழைய வேலை என்பதில் ஒரு தெம்பு இருந்திருக்கும். தன் பாத்திரம் எது என்ற குழப்பம் அன்று ஒருவருக்கும் இல்லை.

குழப்பத்தின் உச்சத்தை 2023-இல் செல்சியில் பார்த்தோம். ஜனவரி மாதத்தில் மட்டும் எட்டு வீரர்களை ஒப்பந்தம் செய்தார்கள். சாம்பியன்ஸ் லீக் விதிப்படி இடையில் மூன்று பேரைத்தான் சேர்க்கலாம். ஆகவே பெரும் விலைக்கு வந்த பெனுவா பாடியாஷில் வெளியே, ஏற்கெனவே இருந்த ஒபாமெயாங் பட்டியலிலிருந்தே நீக்கம். உடை மாற்றும் அறை போதாமல் சிலர் நடைவழியில் மாற்றிக்கொண்டதாகக்கூடச் செய்தி வந்தது. பயிற்சியில் ஒரே நேரத்தில் ஆடக்கூடியவர்கள் இருபத்திரண்டு பேர். மற்றவர்கள் கோட்டோரம் காத்து நிற்பார்கள். ஏப்ரல் 2 அன்று மேலாளர் கிரஹாம் பாட்டர் போனார். கிளப் 44 புள்ளியுடன் 12-ஆம் இடத்தில் முடித்தது.

காயங்களுக்குப் பயந்து ஆட்களைக் குவித்தால் மனக்கசப்பு. குறைத்தால், ஆட்டங்கள் நெருக்கி வரும் டிசம்பரில் இறக்க ஆள் இல்லை. 2025 மே மாதம், மான்செஸ்டர் சிட்டி மேலாளராக இருந்த பெப் கார்டியோலா வெளிப்படையாகவே சொன்னார்: ஐந்தாறு வீரர்களை வாராவாரம் மேலே உட்கார வைக்கத் தன் மனம் ஒப்பவில்லை, அணியைச் சுருக்காவிட்டால் தான் விலகிவிடுவதாக. உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் இடமாற்ற விதிகளில் 15-ஆம் பிரிவு இதற்கு ஓர் எண்ணே வைத்திருக்கிறது: நிலைபெற்ற தொழில்முறை வீரர் ஒருவர் ஒரு பருவத்தில் கிளப்பின் ஆட்டங்களில் பத்து சதவீதத்துக்கும் குறைவாகவே ஆடியிருந்தால், அதையே நியாயமான காரணமாகக் காட்டி ஒப்பந்தத்தை முறிக்கக் கேட்கலாம். ஐம்பது ஆட்டம் கொண்ட பருவத்தில் ஐந்துக்குக் கீழ்.

லெய்டனுக்கு மேலாளரிடமிருந்து கிடைக்காத ஒன்று சக வீரரிடமிருந்து வந்தது. தன் இடத்தில் நின்று கோப்பை வென்ற சீலி, வெற்றிப் பதக்கத்தை லெய்டனிடம் நீட்டினார். அது உன்னுடையது என்பதுபோல. லெய்டன் அதை வைத்துக்கொள்ளவில்லை. எட்டு ஆண்டுகள் கழித்து, 1998 உலகக் கோப்பையின் முதல் ஆட்டத்தில், பிரேசிலுக்கு எதிராக ஸ்காட்லாந்தின் கோல் கம்பங்களுக்கு நடுவே ஒருவர் நின்றார். அவருக்கு வயது 39. பெயர் ஜிம் லெய்டன்.