உப்பு தள்ளினால் கல் என்ன ஆகும்? கில்பெக் சிற்பங்களின் கதை

இங்கிலாந்தின் ஹெரிஃபோர்ட்ஷயரில், வேல்ஸ் எல்லைக்குப் பக்கத்தில் கில்பெக் என்றொரு சிற்றூர். அங்கே இருக்கும் சின்ன தேவாலயத்தின் தெற்கு வாசல் படத்தை அனுப்பி ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "1140 வாக்கில் கட்டியது, அதுவும் மணற்கல்லில். இத்தனை நூற்றாண்டு மழைக்குப் பிறகும் பாம்புகளின் நெளிவு இவ்வளவு தெளிவாக இருக்கிறதே, எப்படி?"

நல்ல கேள்வி. ரோமனெஸ்க் என்னும் இடைக்கால ஐரோப்பியக் கட்டடப் பாணியில் அமைந்த அரைவட்ட வாசல் அது. இரு பக்கமும் பின்னிக்கொண்ட பாம்புகள், கொடிகளுக்கு நடுவே ஒல்லியான வீரர்கள், நெற்றி வளைவில் 'வாழ்வின் மரம்' எனப்படும் ஒரு மரம். கூரை விளிம்பைத் தாங்கும் கல் முகங்களில் 85 மிஞ்சியிருக்கின்றன. அவற்றில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி நிற்கும் நாயும் முயலும் எனக்கு மிகவும் பிடித்தவை. அதே வரிசையில் இருக்கும் ஷீலா-ந-கிக் என்னும் பெண் உருவத்தைப் பற்றி மட்டும் பழைய தெய்வம், ரகசிய வழிபாடு என்று ஏகப்பட்ட கற்பனைகள் உலவுகின்றன, சான்று கொஞ்சம்தான். அந்த ஆர்வத்தில் பாதி கல்லின் மேல் திரும்பினால் எனக்கு மகிழ்ச்சி.

கல்லுக்கு வருவோம். அது 'பழைய செம்மணற்கல்' வகை, சுமார் 40 கோடி ஆண்டு வயது. மணல் துகள்கள், அவற்றை ஒட்டும் கனிமப் பசை, இடையிடையே நுண்துளைகள். துளைக்குள் நீர் போகும், நீரோடு கரைந்த உப்பும் போகும். நீர் காய்ந்தால் உப்பு படிகமாகும். இதுவரை பள்ளிப் பாடம்தான்.

ஆனால் துளைக்குள் வளரும் படிகம் சுவரைத் தொட்டதும் வளர்ச்சி நிற்க வேண்டாமா? தொட்ட இடத்தில் புதிய உப்பு சேர வழி ஏது? இங்கேதான் விஷயம் அழகாகிறது. படிகம் சுவரை முழுசாகத் தொடுவதே இல்லை. இரண்டு பரப்புகளும் ஒன்றையொன்று விலக்குவதால், நடுவில் மிக மெல்லிய நீர்ப்படலம் ஒன்று தங்கிவிடுகிறது. அந்தப் படலத்தின் வழியாக உப்பு அயனிகள் உள்ளே வந்துகொண்டே இருக்கின்றன. படிகம் தடிக்கிறது, படலமோ மறைய மறுக்கிறது. அப்புறம் என்ன, சுவர்தான் விலக வேண்டும். காரைத் தூக்கும் ஜாக்கி போல, கண்ணுக்குத் தெரியாத ஒரு படிகம் மணல் துகளை நெம்பிவிடுகிறது. கரைசலில் உப்பு எந்த அளவு மிதமிஞ்சி இருக்கிறதோ, அழுத்தமும் அந்த அளவு ஏறும்.

பனிக்கட்டியும் இதே வேலையைச் செய்யும். நீர் உறைந்தால் 9 சதவீதம் விரிகிறது என்பது மட்டுமே காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். அமெரிக்கப் புவியியலாளர் ஸ்டீஃபன் டேபர், உறையும்போது சுருங்கும் பென்சீனை மண்ணில் ஊற்றி உறைய வைத்தார். மண் அப்போதும் மேலெழும்பியது! 1930-ல் வெளியான அந்த முடிவை நினைத்தால் இன்றும் எனக்குச் சிலிர்க்கிறது.

சரி, சேதம் எங்கே நடக்கிறது? நீர் கல்லின் மேற்பரப்பிலேயே காய்ந்தால் வெள்ளையாக உப்பு பூக்கும். பெரிய ஆபத்தில்லை, துடைத்துவிடலாம். பரப்புக்குச் சற்று உள்ளே காய்ந்தால்தான் மேல்தோல் உதிரும். சிற்பியின் உளி பட்ட இடமே அந்த மேல்தோல்தான். சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் கரையும், குறைந்தால் மறுபடி படிகமாகும். ஒவ்வொரு முறையும் ஒரு நெம்பு.

கில்பெக்கிலிருந்து வடக்கே சுமார் 30 கி.மீ. தூரத்தில் ஷாப்டன். அங்கிருந்த தேவாலயமும் கில்பெக்கைச் செதுக்கிய அதே சிற்பிகள் குழுவின் கைவண்ணம். 1750-களில் அதை இடித்துவிட்டு, உள்ளே இருந்த வளைவையும் வாசல்களையும் பூங்கா மேட்டில் அலங்காரமாக நிறுத்தினார்கள். மேலே கூரை இல்லை, எல்லாப் பக்கமும் மழை. இன்று அங்கே பல உருவங்கள் வெறும் மேடுபள்ளம். 19-ஆம் நூற்றாண்டில் ஓவியர் ஜார்ஜ் லூயிஸ் வரைந்து வைத்த படங்களில்தான் அவற்றின் விவரங்களைத் தேட வேண்டியிருக்கிறது. கில்பெக் சிற்பங்களோ கட்டிய சுவரிலேயே, கூரையின் கீழேயே இருக்கின்றன. நல்ல கல் வாய்த்ததும் உதவியது. ஆனால் கூரையின் பங்கைக் குறைத்து மதிப்பிட எனக்கு மனமில்லை.

பழைய கட்டடங்களுக்குச் சிமென்ட் பூசுவதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருவதும் இதனால்தான். சுண்ணாம்புக் காரை ஈரத்தைத் தன் வழியே வெளியேற்றும். உப்பையும் தானே வாங்கிக்கொண்டு உதிரும், திரும்பப் பூசிக்கொள்ளலாம். கெட்டியான சிமென்ட் அந்த வழியை அடைத்து, ஈரத்தைக் கல் வழியே வெளியேறத் தள்ளுகிறது. இதையெல்லாம் அளந்து சொல்லும் ஆய்வுகளுக்கும், மழைநீர்க் குழாயைச் சரிபார்க்கும் ஆளின் சம்பளத்துக்கும், திறப்பு விழா நடத்தக்கூடிய திட்டங்களுக்கு முன்னால் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அடைபட்ட ஒரே ஒரு குழாய் போதும், சுவரின் ஒரு பக்கம் ஆண்டு முழுக்க ஊறிக்கொண்டிருக்க.