அட்வைஸ் வேண்டாம், ரெண்டு மணி நேரம் வந்து உக்காருங்க

அரசு ஆஸ்பத்திரில மனநலப் பிரிவுல சோஷியல் வொர்க்கரா இருக்கேன். டாக்டர் மாத்திரை எழுதிக் குடுத்துடுவாரு, அதுக்கப்புறம் வீட்ல என்ன நடக்குது, தெருவுல என்ன நடக்குதுங்கறது என் பாடு. பேஷண்ட்டோட சித்தப்பா, பக்கத்து வீட்டு அக்கா, கூடப் படிச்ச பையன்னு யாராச்சும் ஒருத்தர் தயங்கித் தயங்கி வந்து "நாங்க என்ன மேடம் பண்ண முடியும்"னு கேப்பாங்க. அவங்களுக்காகத் தான் இது.

ஒருத்தருக்கு பைபாஸ்னா ஊரே ஹார்லிக்ஸும் சாத்துக்குடியும் வாங்கிட்டுப் போய்ப் பாக்கும். அதே வீட்டுப் பையனுக்கு ஸ்கிட்சோஃப்ரீனியான்னா, அதாவது இல்லாத குரல் கேக்கற, காரணமில்லாம சந்தேகம் வர்ற மனநோய்னா, ஒருத்தரும் எட்டிப் பாக்க மாட்டாங்க, அப்படியே வந்தாலும் ரெண்டு விஷயம் தான் கையில இருக்கும், ஒண்ணு யாரோ வச்ச செய்வினைன்னு ஒரு பூசாரி போன் நம்பர், இன்னொண்ணு "காலாகாலத்துல ஒரு கால்கட்டு போட்டு விடுங்க, எல்லாம் சரியாயிடும்".

இந்த கால்கட்டு யோசனை பண்ற சேதாரத்த வேற எதுவும் பண்ணல. பொண்ணு வீட்டுக்குத் தெரியக்கூடாதுன்னு கல்யாணத்துக்கு முன்னாடியே மாத்திரைய நிறுத்திடுவாங்க, அப்புறம் முகூர்த்த அலைச்சல், விருந்து, ராத்திரி தூக்கமில்ல, கொஞ்ச நாள்லயே பழையபடி காதுல குரல் கேக்க ஆரம்பிச்சுடும், அந்தப் பொண்ணு என்ன ஏதுன்னு புரியாம பயந்து போய் அம்மா வீட்டுக்குப் போயிடும். கடைசில ரெண்டு குடும்பமும் என் டேபிள் முன்னாடி உக்காந்து சண்டை போடும். நோய் இருக்கறவங்க கல்யாணமே பண்ணக்கூடாதான்னா, தாராளமா பண்ணலாம், நல்லா குடும்பம் நடத்தறவங்க எத்தனையோ பேர எனக்கே தெரியும். முன்னாடியே சொல்லிட்டுப் பண்ணுங்க, மாத்திரைய விடாதீங்க, அவ்ளோதான்.

நம்ம நாட்டுல குடும்பம் கூடவே இருக்கறது புதுசு இல்ல. 1950கள்லயே அமிர்தசரஸ்ல மனநல டாக்டர் வித்யா சாகர் ஆஸ்பத்திரி வளாகத்துல டென்ட் அடிச்சு குடும்பத்தையும் தங்க வச்சாரு, நம்ம வேலூர் சிஎம்சியோட பாகாயம் மனநல சென்டர்லயும் வீட்ல ஒருத்தர் கூடத் தங்கற பழக்கம் அந்தக் காலத்துலேர்ந்தே உண்டு. நல்ல விஷயம் தான். ஆனா போகப் போக "அதான் குடும்பம் இருக்கே, பாத்துக்கும்"னு எல்லாரும் கைய கழுவிக்க அதுவே வசதியாயிடுச்சு. குடும்பம்னு சொல்றோமே, நேர்ல போய்ப் பாருங்க, ஒரே ஒரு ஆள் தான் இருப்பாங்க. அம்மா. இல்லன்னா கல்யாணமே பண்ணிக்காம நின்னுட்ட ஒரு அக்கா.

2001 ஆகஸ்ட் 6 ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடில, தர்கா பக்கத்துல மனநோயாளிகள வச்சிருந்த ஒரு காப்பகத்துல விடியக்காலை தீப்பிடிச்சு, சங்கிலில கட்டியிருந்த 28 பேர் செத்துப் போனாங்க. பெத்தவங்க எப்படித் தான் அங்க விட்டுட்டு வந்தாங்களோன்னு இன்னும் பேசறாங்க. நான் அப்படிக் கேக்க மாட்டேன். எங்ககிட்ட வர்ற குடும்பங்களப் பாக்கறேன்ல, நகைய அடகு வச்சு, வேலைக்குப் போக முடியாம, ராத்திரி தூக்கம் இல்லாம, சொந்தபந்தம் எல்லாம் ஒதுங்கின பிறகு "எங்கயாச்சும் விட்டுட்டு வந்துடலாமா"னு தோணுற நிலைமைக்கு அவங்கள ஒரே நாள்ல யாரும் தள்ளல. சங்கிலி போடறது இப்போ 2017 மனநலச் சட்டப்படி குற்றம். ஏர்வாடி தர்கா பக்கத்துலயே அரசு மனநல சிகிச்சையும் வந்துடுச்சு, தொழுதுட்டு வந்து மாத்திரையும் வாங்கிக்கலாம். இது எனக்குப் பிடிச்ச ஏற்பாடு, சாமிய விட்டுட்டு வான்னு சொன்னா எந்தக் குடும்பமும் வராது.

சரி, உருப்படியா என்ன பண்றதுன்னா, எனக்குத் தெரிஞ்ச ஒரு டீக்கடை மாஸ்டர் கதைய சொல்றேன், அடையாளம் தெரியாம இருக்க ஒண்ணு ரெண்டு விவரம் மாத்தியிருக்கேன். கடைல கிளாஸ் கழுவ ஒரு தம்பிய வச்சிருக்காரு, எங்க பேஷண்ட். மொதல்ல காலைல அஞ்சு மணிக்கு வரச் சொன்னாரு, ராத்திரி போடற மாத்திரைல அவனால எந்திரிக்க முடியல, லேட்டு லேட்டுனு திட்டிப் பாத்துட்டு அப்புறம் அவரே பத்து மணிக்கு மாத்திட்டாரு. சம்பளத்த அவன் அக்காகிட்ட குடுக்காம அவன் கையில தான் குடுப்பாரு. ஒருநாள் அந்த அக்காவுக்கு போன் போட்டு, "பாப்பா, தம்பி மூணு நாளா ஷேவ் பண்ணல, கழுவின கிளாஸையே திரும்பத் திரும்பக் கழுவறான், எதிர்ல நிக்கற கார் தன்னையே பாக்குதுங்கறான், டாக்டர்கிட்ட காட்டிடுமா"ன்னாரு. வந்து கேட்டா, நல்லாத்தான் இருக்கோமேன்னு ஒரு வாரமா மாத்திரைய நிறுத்தியிருக்கான். மறுபடி ஆரம்பிச்சோம், அட்மிஷன் இல்லாமலே அடங்கிடுச்சு. மாஸ்டர் மனநலத்தப் பத்திப் படிச்சவர் எல்லாம் இல்ல, தினம் பாக்கற பையன் மாறினா தெரியுற ஆளு. மாசம் ஒருதடவ பாக்கற எங்களுக்கு அந்த மூணு நாள் கெடைக்காது.

வேலை குடுக்க முடியாதவங்க நேரம் குடுங்க. ஒரு சாயங்காலம் ரெண்டு மணி நேரம் நீங்க போய் கேரம் போர்டு ஆடுங்க, இல்ல சும்மா டிவி பாருங்க, அந்த அம்மா பேங்குக்கோ கோயிலுக்கோ போய்ட்டு வரட்டும், தூங்கக்கூட தூங்கட்டும். மாத்திரை வாங்கற நாளு யாருக்கு ஒருநாள் கூலி போகுதுன்னு கேட்டு, ஒரு மாசம் நீங்க கூடப் போங்க. கல்யாணப் பத்திரிகை குடுக்கும்போது அந்தப் பையன் பேரையும் சொல்லிக் கூப்பிடுங்க.

பேச்சுல கொஞ்சம் கவனம். குரல் கேக்குதுன்னு சொன்னா "அதெல்லாம் ஒண்ணும் இல்ல"ன்னு வாதாடாதீங்க, ஆமா எனக்கும் கேக்குதுன்னு ஒத்தும் ஊதாதீங்க, "எனக்குக் கேக்கல, ஆனா உனக்குக் கஷ்டமா இருக்குன்னு புரியுது"ன்னு சொன்னா போதும். குளிக்காம, பேசாம சுருண்டு கெடக்கறது சோம்பேறித்தனம் இல்ல, நோயோட ஒரு பாகமே அது தான். எந்நேரமும் குத்திக்காட்டற வீட்ல நோய் சீக்கிரம் திரும்பி வருதுன்னு லண்டன்ல ஜார்ஜ் பிரௌன்ங்கற ஆராய்ச்சியாளரோட குழு அம்பது வருஷத்துக்கு முன்னாடியே காட்டிட்டாங்க. அப்புறம் மாத்திரைய தூளாக்கி சாம்பார்ல கலக்கறது. பல வீட்ல நடக்குது, எனக்குத் தெரியும். ஏற்கெனவே வெஷம் வச்சுட்டாங்கன்னு சந்தேகப்படற ஆளு அத ஒருநாள் கண்டுபிடிச்சா அப்புறம் வீட்டுச் சாப்பாட்டையே தொடமாட்டாரு. மாத்திரை சாப்பிடலன்னா டாக்டர்கிட்ட சொல்லுங்க, ரெண்டு வாரத்துக்கோ மாசத்துக்கோ ஒருதடவ போடற ஊசி இருக்கு.

வயசான அம்மா அப்பா எல்லாரும் கேக்கற கேள்வி ஒண்ணு தான், "எனக்கப்புறம் யாரு?" இதுக்கு என்கிட்ட முழு பதில் இல்ல. 1999 நேஷனல் டிரஸ்ட் சட்டத்துல ஆட்டிசம், மூளைவளர்ச்சிக் குறைபாடெல்லாம் வருது, மனநோய் வராது, அதனால அந்த வழில கார்டியன் போட முடியாது. 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல மனநோய் உண்டு, பாதிப்பு 40 சதவீதமோ அதுக்கு மேலயோ இருந்தா சலுகைக்கு உதவற மாற்றுத்திறனாளி சான்றிதழ் வாங்கலாம், அத இப்பவே வாங்கி வைங்க. இன்னொண்ணு நிறைய பேருக்குத் தெரியாது. 2017 சட்டப்படி பேஷண்ட் சிகிச்சை முடிவுகள்ல உதவ தனக்கு ஒரு பிரதிநிதிய தானே வெறும் வெள்ளைத் தாள்ல எழுதி கையெழுத்துப் போட்டு நியமிக்கலாம். அது ரத்த சொந்தமா இருக்கணும்னு கட்டாயம் இல்ல, ஒரு ஃப்ரெண்டா இருக்கலாம், மேஜரா, அந்தப் பொறுப்ப செய்யக்கூடியவரா இருக்கணும், சம்மதத்த எழுதிக் குடுக்கணும். அப்படி ஒருத்தர் கேட்டா உடனே பின்வாங்காதீங்க, என்ன பொறுப்புன்னு எங்ககிட்ட வந்து கேட்டுட்டு முடிவு பண்ணுங்க.

ராத்திரில ஏதாச்சும்னா 14416, டெலி மானஸ்ங்கற அரசு மனநல ஹெல்ப்லைன், இலவசம், தமிழ்ல பேசலாம். பேஷண்ட் தான் பேசணும்னு இல்ல, பக்கத்து வீட்டுலேர்ந்து நீங்களும் கூப்பிடலாம், பாத்துக்கற அம்மா தனக்காகவும் கூப்பிடலாம்.